வெடிக்காத வெள்ளரிப்பழம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் முலாம்பழச் சாகுபடி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வீரிய ஒட்டு விதை, சொட்டுநீர், மருந்தடிக்கும் நாள் எல்லாம் விளக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் வெள்ளரிப்பழத்தை மட்ட ரகம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டார் கட்டுரையாளர் பாருங்கள், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளரிப்பழம் என்பது வெள்ளரிக்காய் பழுத்தது இல்லை, பெயர்தான் அப்படி. அது முலாம்பழத்தின் இனம். வெள்ளரிக்காய்க்கு 7 ஜோடி குரோமோசோம், வெள்ளரிப்பழம், முலாம்பழம் இரண்டுக்கும் 12 ஜோடி. அதனால் வெள்ளரிக்காயோடு இது கலக்கவே கலக்காது, முலாம்பழத்தைப் பக்கத்தில் போட்டாலோ தேனீ ஒரே காலையில் கலந்துவிட்டுப் போய்விடும்.

மட்ட ரகம் என்கிறாரே, 1925இல் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் சாம்பல் நோய் வந்து முலாம்பழக் கொடியெல்லாம் படுத்தபோது அவர்களுக்குக் கை கொடுத்தது இந்தியாவிலிருந்து போன விதைதான். அதைத் தங்கள் முலாம்பழத்தோடு கலந்து 1930களில் பி.எம்.ஆர். 45 என்ற ரகத்தை எடுத்தார்கள், 1938இல் அதே நோய் வேறு ரூபத்தில் வந்து அதையும் தாக்கியது. ஒரு ரகத்தை மட்டும் நம்பினால் இதுதான் கதி. அப்புறம் பி.ஐ. 414723 என்று எண் போட்டு அமெரிக்காவில் வைத்திருக்கும் விதை, அது சாட்சாத் நம் நாட்டு வெள்ளரிப்பழ வகை. அசுவினிப் பூச்சியையும் சில வைரஸ் நோய்களையும் தாங்கும் குணம் அதில் இருக்கிறது. 2019இல் 1,175 முலாம்பழ மாதிரிகளின் மரபணுவைப் படித்துப் பார்த்தவர்கள், மனிதன் இதை மூன்று முறை தனித்தனியாகப் பயிராக்கியிருக்கிறான், அதில் இரண்டு இந்தியாவில் என்று எழுதினார்கள். எந்த ஊர் விதையில் எந்தக் குணம் ஒளிந்திருக்கிறது என்று தோலைப் பார்த்தா சொல்ல முடியும்?

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். கொள்ளிடம் படுகையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அப்பாயி சாம்பலில் புரட்டி வைத்த விதையைத்தான் வருஷாவருஷம் போடுவோம். பழம் வெடிக்கிற பதத்துக்கு வந்ததும் வாழைநாரைச் சுற்றிக் கட்டாவிட்டால் பொலபொலவென்று சிதறிவிடும், உள்ளே மாவு மாதிரி சதை, நாட்டுச்சர்க்கரை போட்டுப் பிசைந்து சாப்பிட வேண்டும். பக்கத்துக் கொல்லையில் பங்காளி ஒருவர் ஒட்டு முலாம்பழம் போட்டார். அந்த வருஷம் எங்கள் பழத்தில் ஒரு மாற்றமும் இல்லை, விதையில்தான் கலப்பு ஏறியிருக்கிறது. அடுத்த வருஷம் அதைப் போட்டால் பழம் வெடிக்கவில்லை, தோலில் வலை வலையாக வரி, வாசனை மட்டும் ஊரைத் தூக்குகிறது, வாயில் வைத்தால் சப்பென்று இருக்கிறது. அப்பாயி ஒரு துண்டைத் தின்றுவிட்டு, “யாரு வூட்டுப் புள்ளடா இது?” என்றது.

முதல் நாள் சாயங்காலமே நம் கொடியில் பெண் மொக்கையும் ஆண் மொக்கையும் நூலால் கட்டி, மறுநாள் காலையில் அந்த ஆண்பூவை எடுத்துப் பெண்பூவில் தடவி, மறுபடி கட்டிவிட்டால் அந்தக் காயின் விதை சுத்தமாக இருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பங்காளியைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பிழைப்பு அவருக்கு.

நெல்லுக்கு நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து விதை சேர்த்தார், திருவிழா நடத்தினார். வெள்ளரிப்பழத்துக்கு அப்படி யார் அலைந்தார்கள்? டெல்லியில் விதை வங்கி இருக்கிறது, சரி, குளிர்பெட்டியில் இருக்கும் விதைக்கு எங்கள் மணலும் வெயிலும் பழகுமா? பழைய வெள்ளரிப்பழ விதையோ, அதே இனத்துச் சின்னக் காயான மிதுக்கங்காய் விதையோ வீட்டில் வைத்திருப்பவர்கள் எழுதும்படி உங்கள் இதழில் ஒரு அறிவிப்பு போடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது பழைய விதை கிடையாது. போன சித்திரையில் அணைக்கரைப் பக்கம் சாலையோரம் விற்ற ஒரு அம்மாவிடம் நார் சுற்றிய பழம் ஒன்று வாங்கி, விதையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். சம்பா அறுப்பு முடிந்ததும் போடுவேன். சுத்தமா கலப்பா என்பது பழுத்தால்தான் தெரியும்.

– ஒரு வாசகர், கொள்ளிடக் கரை