ரெஜினாவுக்கு, குலசேகரத்துல இருந்து

ஏட்டி ரெஜினா,

உனக்க மெயில பாத்து ரெண்டு வாரம் இருக்கும், கோவிச்சுக்காத. ராத்திரி ஊத்துன மழையில இன்னைக்கு ரப்பர் வெட்டு இல்ல, இவிய போர்வைய மூடிட்டு கெடக்காவ. நாவலுக்குள்ள போனா பாதியில எழும்பி சாயா கேப்பாவ, அதுக்கு உனக்கு எழுதுறது எவ்வளவோ மேல்னு உக்காந்துட்டேன்.

அம்மைக்கு முட்டு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தது சந்தோசம். எக்சர்சைஸ் மட்டும் விட்டுறாம செய்யச் சொல்லு, வலிக்குதுன்னு உக்காந்துட்டா அப்புறம் மடக்க வராது, எனக்க மாமிக்கு அப்படித்தான் ஆச்சு.

புள்ளைகளையும் வச்சுக்கிட்டு எப்படிடீ பேண்டஸி நாவல எழுதி விக்கவும் செய்யுதன்னு கேட்டிருந்த. எழுதுறதுக்கு எனக்கு டைம்டேபிள் போட்டுத் தந்தது ரப்பர் மரம்தான். வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் கொறஞ்சிரும்லா, அதனால இவிய விடியுமுன்ன தலையில லைட்ட மாட்டிட்டு தோட்டத்துக்குப் போயிருவாவ, அவிய திரும்பி வர வரைக்கும் அடுக்களை மேசையும் லேப்டாப்பும் எனக்கு. பால் வந்துட்டா வேற ஆளாயிருவேன், அரிச்சு தண்ணி கலந்து ஆசிட் ஊத்தி டிஷ்ல உறைய வைக்கணும், நேத்து உறைஞ்சத ரோலர்ல விடணும். இதுல ஒரு விசேஷம் கேட்டியா, ரோலர் கைப்பிடிய சுத்தும்போதுதான் எனக்கு நல்ல வசனமெல்லாம் வரும். கையெல்லாம் ஆசிட் நாத்தம், போன தொட முடியாது, மூத்தவள விளிச்சு சொல்லுவேன், அவ காலண்டர்ல கிழிச்ச தாளுக்க பின்னால எழுதிக்குவா. அவளுக்குப் பிடிக்கலன்னா எழுத மாட்டா, "இது சீரியல் டயலாக் மாதிரி இருக்கும்மா"ன்னு போயிருவா. ஏழாங்கிளாஸ் படிக்கிற எடிட்டர், சம்பளம் கெடையாது.

எலை உதிருற தை, மாசியில வெட்ட நிறுத்திருவோம், அப்பத்தான் பெரிய பாடு. ஆள் முழு நேரமும் வீட்டுல, ஒரு பக்கம் நகராது. ஆனா அத நான் பெருசா எடுக்கல. எழுத்துனால எனக்க வீட்டுல சண்டை வந்ததே இல்ல, கேட்டியா. சண்டையெல்லாம் விக்கிறதுலதான். எழுதும்போது எல்லாரும் தூங்குதாவ, யாருக்கும் நான் தேவையில்ல. புரமோஷன் அப்படியா? ரீல் போட்டா சாயங்காலம் ஏழு மணிக்குப் போடணும், அப்பத்தான் ஆளு பாக்கும், அதே ஏழு மணிக்குத்தான் சின்னவனுக்கு கணக்கு ஹோம்வொர்க். போட்டா போதுமா, கமெண்ட்டுக்கு பதில் சொல்லணும், எத்தன வியூன்னு பாக்கணும், புட்டு அவியும்போதும் கை போனுக்குப் போவும். அம்மா எழுதுறான்னு சொன்னா புள்ளைய மரியாதையா ஒதுங்கிப் போவும், அம்மா போன் பாக்கான்னா தன்னையும் பாக்கச் சொல்லி சண்டைக்கு வரும். அதுகமேல நியாயம் இருக்கு.

அதனால இப்ப ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும்தான் விக்கிற வேலை. அதுலயும் ரீல் கீல் எல்லாம் கொறச்சாச்சு. பேண்டஸிக்கு ஒரு குணம் உண்டு, தொடர் கதைன்னா மொத பாகத்த வாங்கவே ஆளு யோசிக்கும், இவ முடிப்பாளா பாதியில விட்டுட்டுப் போவாளான்னு. ரெண்டாம் பாகம் வந்தாத்தான் மொத பாகம் நகரும். அமேசான் கிண்டில்ல செலக்ட்னு ஒரு திட்டம் உண்டு, அதுல சேர்த்தா 90 நாளைக்கு ஈபுக்க வேற எங்கயும் போடக் கூடாது, ஆனா அந்த 90 நாளுக்குள்ள 5 நாள் சும்மா குடுக்கலாம், ஆளுங்க படிக்கிற பக்கத்துக்கும் காசு வரும். அந்த அஞ்சு நாளையும் சும்மா கெடக்கும்போது தீத்துராத, ரெண்டாம் பாகம் வந்த வாரத்துல மொத பாகத்த ஃப்ரீயா விடு. பத்து ரீல் செய்யாதத அது செய்யும். இந்தியாவுல 70 சதவீதம் ராயல்டி வேணும்னாலும் அந்த செலக்ட்ல இருந்தே ஆகணும், பாத்துக்க.

அச்சுப் புக்கு வேற கதை. பேண்டஸி எழுதுனா தடி தடியா வருது, தடி ஏற ஏற வெலையும் ஏறும், ஒரு பதிப்பகத்துக்காரர் பாதியா வெட்டிட்டு வாங்கன்னு சொன்னாரு, எத வெட்ட? நீ எழுதுற துப்பறியும் கதை சின்னதா நிக்கும், உனக்கு அந்த தலைவலி இல்ல.

கதை என்னன்னு கேட்ட. மாத்தூர் தொட்டிப்பாலம் ஓர்மை இருக்கா, காலேஜ் டூர்ல போய் நீ பாதியில கம்பியப் பிடிச்சிட்டு நின்ன எடம்? 1966-ல கட்டுனது, 115 அடி ஒசரம், கீழ பறளியாறு ஓட மேல வாய்க்கால் ஓடும்லா. எனக்க கதையில வர்ற நாட்டுல ஆறே அப்படித்தான் ஆகாயத்துல ஓடுது, அந்தத் தண்ணிக்கு ரெண்டு மலைக்காரனும் சண்டை. அதுல ஒரு யட்சி வாறா. யட்சி கதை முழுக்க மாமி தந்தது, தேங்கா திருவிக்கிட்டே சொல்லுவாவ, கள்ளியங்காட்டு நீலி, கரும்பனை, ராத்திரி வழிப்போக்கன்கிட்ட சுண்ணாம்பு கேக்குறது எல்லாம். சின்னவன் ஒரு நாள் கேட்டான், "பாட்டி, அவ ஏன் கடையில வாங்கக் கூடாது?" மாமிக்கு பதில் வரல. எனக்கு ஒரு அத்தியாயம் வந்துச்சு, சந்தையில சுண்ணாம்புக்கு வரி போட்டு அவள உள்ள விடாம வச்சிருக்கான் ராசா.

மாமிக்கு மட்டும் இன்னும் மனசு சமாதானம் இல்ல, நீலிய வச்சு காசு பாக்காதட்டி, பொல்லாப்புன்னு சொல்லுதாவ. பாக்குற காசு எவ்வளவுன்னு தெரிஞ்சா நீலியே பாவப்படுவா.

நாகர்கோவில் புத்தகத் திருவிழாவுல ஒரு கடையில எனக்க புக்க வச்சிருந்தாவ. ரெண்டு ஸ்கூல் பயலுவ மூத்தவ வரைஞ்ச மேப்ப விரிச்சு வச்சிட்டு, "லே இது நம்ம திற்பரப்புலா, பேர மாத்தியிருக்கு"ன்னு சண்டை போட்டானுவ. வாங்கல, காசு இல்ல போல. நான் நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன், எழுதுனது நான்தான்னு சொல்ல வாய் வரல, சிரிப்புத்தான் வந்துச்சு.

உனக்க கதைக்க மொத மூணு அத்தியாயத்த அனுப்பு. பிடிஎப் வேண்டாம், போன்ல எழுத்து பொடியா தெரியுது, வேர்டு பைலா அனுப்பு. கொலைகாரன் யாருன்னு மட்டும் மெயில்ல எழுதிராத, மூத்தவ என் மெயில படிக்கா.

எழும்பியாச்சு இவிய, சாயா கேக்காவ.

ஜெயா