சில்வர் ஆக்சைடு தரக்குறைவு: மாற்றித் தரக் கோரிக்கை

அனுப்புநர்: வேதியியல் ஆய்வகப் பொறுப்பாளர், மதுரை.
பெறுநர்: விற்பனைப் பிரிவு மேலாளர்.
பொருள்: 25 கிராம் சில்வர் ஆக்சைடு (99%) தரம் குறைந்திருப்பது குறித்து.

ஐயா,

மாட்டுத்தாவணி பார்சல் அலுவலகத்தில் நாங்கள் பெற்றுக்கொண்ட சில்வர் ஆக்சைடு, குப்பியில் ஒட்டியிருக்கும் தரத்தில் இல்லை. கரும்பழுப்பாக இருக்க வேண்டிய பொடியில் சாம்பல் நிறத் துகள்கள் மினுங்குகின்றன; ஆக்சைடு சிதைந்து உண்டான உலோக வெள்ளி அது. வெளிச்சம் புகும் வெள்ளை பிளாஸ்டிக் குப்பி; உள்மூடியும் இல்லை, சிலிக்கா ஜெல் பையும் இல்லை.

0.250 கிராம் எடுத்து நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்ததும் நுரைத்தது. சுத்தமான ஆக்சைடு நுரைக்காது. ஈரக்காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து ஒரு பகுதி கார்பனேட்டாக மாறிவிட்டது. வெள்ளியின் அளவைக் காண, முடிவைக் காட்டும் ஃபெர்ரிக் ஆலம் சேர்த்து, 0.1 நார்மல் செறிவுள்ள அம்மோனியம் தயோசயனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேஷன் செய்தால் 99% சரக்குக்கு 21.4 மில்லி பிடிக்க வேண்டும், இதற்கு 20.5 தான் பிடித்தது. அமிலத்தில் கரைந்த உலோக வெள்ளியும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், உண்மையான ஆக்சைடு இன்னும் குறைவு. தனியே கொஞ்சம் பொடியை அம்மோனியாவில் கரைத்தபோது அடியில் கரையாமல் தங்கியது அந்த வெள்ளிதான். தங்கள் ஆட்கள் இதைச் செய்து பார்த்தால், கரைசலை உடனே அமிலமாக்கிவிடச் சொல்லுங்கள். வைத்திருந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும்.

இந்த ஆக்சைடை இமிடசோலியம் என்ற கரிம உப்புடன் டைகுளோரோமீத்தேன் கரைப்பானில், வெளிச்சம் படாமல் கலக்கி வெள்ளி கார்பீன் சேர்மங்கள் (வெள்ளியோடு கார்பன் பிணைந்தவை) தயாரிக்கிறோம். அவை கிருமிகொல்லி மருந்தாகுமா என்பதே ஆய்வு. கார்பனேட் கலந்தால் வினை மந்தமாகி உப்பு மீந்துவிடுகிறது. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் படத்தில், 10 பிபிஎம் பக்கம் மறைய வேண்டிய உப்பின் சிக்னல் அப்படியே நிற்கிறது. நீண்ட சங்கிலியுள்ள இமிடசோலியம் உப்பு தானே பாக்டீரியாவைக் கொல்லும். பிறகு பாக்டீரியா வளர்க்கும் தட்டில் தெரியும் பலன் புதுச் சேர்மத்தால் வந்ததா, மீந்த உப்பால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? தீக்காயத்துக்கு 1% சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு ஏற்கெனவே இருக்கிறது. அதைவிட மேலானது என்று காட்ட வந்த சேர்மத்தில் கலப்படம் இருந்தால் ஆய்வே பாழ்.

குப்பியின் பேட்ச் எண்ணும் சான்றிதழின் பேட்ச் எண்ணும் வேறுவேறாக இருப்பதற்கும் விளக்கம் தேவை.

புதிய பேட்ச் சரக்கை, அதற்கே உரிய பகுப்பாய்வுச் சான்றிதழுடன், உள்மூடி போட்ட பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் கறுப்பு உறை சுற்றி அனுப்புங்கள். பழைய குப்பியைத் திருப்பி அனுப்பும் செலவு தங்களுடையது. 15 நாளுக்குள் முடியாதெனில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். டைட்ரேஷன் கணக்கும் குப்பியின் படங்களும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்