பூச்சிச் சான்றுக்கு யாழ்ப்பாணத்து அளவீடுகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சில நாள்கள் கழித்துக் கண்டெடுக்கப்படும் உடலங்களில் வளரும் இலையான் புழுக்களைக் கொண்டு இறப்பின் காலத்தைக் கணிக்கும் முறை, பல நாடுகளின் நீதிமன்றங்களில் ஏற்கப்பட்டுள்ளது. நம் மண்ணிலும் அது பயன்பட வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆயினும் அதற்கான அறிவியல் அடித்தளத்தை முதலில் இங்கேயே இட வேண்டும்.

புழுவின் வயது காட்டுவது இலையான் முட்டையிட்ட நேரத்தையே. இலையான்கள் இரவில் பெரும்பாலும் முட்டையிடுவதில்லை. பூட்டிய அறையோ சுற்றிய துணியோ அவற்றை மேலும் தாமதப்படுத்தும். ஆகவே இம்முறையால் பெறக்கூடியது, இறந்து குறைந்தது எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்ற கணிப்பு மட்டுமே.

புழு எந்த வளர்ச்சிப் பருவத்தில் உள்ளது என்பதை அதன் பின்புற மூச்சுத்துளைகளின் பிளவுகளை எண்ணி அறியலாம்: இரண்டாம் பருவத்தில் இரண்டு பிளவுகள், மூன்றாம் பருவத்தில் மூன்று. அந்தப் பருவத்தை அடைய எத்தனை மணித்தியாலம் ஆகும் என்பதுதான் சிக்கலான கேள்வி. அது இனத்தையும் வெப்பநிலையையும் பொறுத்தது. நண்பகலில் பனங்கூடலின் நிழலுக்கும் தகரக் கூரையின் கீழுள்ள அறைக்கும் இடையில் வெப்பம் வெகுவாக வேறுபடும். நெருங்கித் திரளும் புழுக்களோ தம் சூட்டினாலேயே சுற்றுப்புறத்தைவிடப் பத்துப் பாகை செல்சியஸுக்கு மேலும் வெப்பத்தை உயர்த்தக்கூடும். குளிர்நாட்டு அட்டவணையை எடுத்து நம் மாரிகாலத்துக்கும் சித்திரை வெயிலுக்கும் அப்படியே பொருத்துவது எவ்வகையிலும் நியாயமாகாது.

எனவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையும் மருத்துவ பீடமும் இணைந்து, இங்குள்ள இலையான் இனங்களை ஆண்டின் ஒவ்வொரு பருவகாலத்திலும் வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து, கணிப்பின் பிழை எல்லையையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். தடயவியல் முறைகளின் பிழை எவ்வளவு என்பதைச் சோதித்து அறிய வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2009 ஆம் ஆண்டு அறிக்கையும் வலியுறுத்தியது.

சம்பவ இடத்துப் பணியும் ஒழுங்குபட வேண்டும். புழுக்களில் ஒரு பகுதியைச் சுடுநீரில் இட்டுக் கொன்று 80 சதவீத எதனோலில் பேண வேண்டும். மறுபகுதியை உயிரோடு வளர்த்து, வெளிவரும் இலையானைக் கொண்டு இனத்தை உறுதிப்படுத்த வேண்டும். உடலம் கிடந்த இடத்தில் வெப்பமானி ஒன்றைச் சில நாள்கள் வைத்து, அதன் பதிவை வானிலை நிலையத்தின் பதிவோடு ஒப்பிட வேண்டும். சட்ட வைத்திய அதிகாரிகளும் பொலிஸாரும் ஒன்றாகப் பயிற்சி பெற்றால் இவையெல்லாம் செய்யக்கூடியவையே.

கனடாவின் ஒன்ராறியோவில் 1959 இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2007 இல்தான் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த மேன்முறையீட்டு விசாரணையில், 1959 இல் உடலத்தில் கிடைத்த புழுக்கள் பற்றிய குறிப்புகளை ஆராய்ந்த நிபுணர்களிடையேகூட ஒருமித்த கருத்து எழவில்லை. ஆகவே இங்கு எடுக்கப்படும் மாதிரிகளும் வெப்பப் பதிவுகளும் மேன்முறையீடு முடியும்வரை பாதுகாக்கப்பட வேண்டும். எதிரித் தரப்புச் சட்டத்தரணியும் தம் நிபுணரைக் கொண்டு அவற்றை மீள ஆராய இடமளிக்கப்பட வேண்டும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கோண்டாவில்.