ஆறாம் நாள் கணக்கில் விடுபடும் எங்கள் பிள்ளைகள்

கேரளத்தின் எல்லைப் பகுதிப் பள்ளிகளுக்கு ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கும் கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். தமிழிலேயே எழுதுகிறேன். எங்களைப் போன்ற மொழிச் சிறுபான்மையினர் அரசுக்குத் தாய்மொழியில் எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. என் மகள் தமிழ் வழியில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் (பி.டி.ஏ.) மூன்று வருஷமாக இருக்கிறேன். ஜூன் பிறந்தாலே எங்களுக்குப் பள்ளி திறந்து வரும் ஆறாவது வேலைநாளை நினைத்துத்தான் பயம்.

அன்று வருகைப் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளை வைத்துத்தான் அந்த வருஷத்துக்கு எத்தனை டிவிஷன் (வகுப்புப் பிரிவு), எத்தனை ஆசிரியர் போஸ்ட் என்பது முடிவாகிறது. எல்.பி. என்கிற கீழ் ஆரம்ப வகுப்புகளில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், யு.பி. என்கிற மேல் ஆரம்ப வகுப்புகளில் 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு பெற்றோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். வரம்பு இருப்பது நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஒரே அறையில் 50 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்தவன் நான். ஆனால் ஒரு பிள்ளை கூடினால் ஒரு ஆசிரியர், ஒரு பிள்ளை குறைந்தால் ஆசிரியர் இல்லை என்று இருக்கும்போது, அந்த ஒரு பிள்ளையை எந்த நாளில் எண்ணுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எங்கள் ஊரில் அந்த நாள் தப்பான நாள்.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் ஜூன் 1-ஆம் தேதியே பள்ளி திறந்துவிட்டது. தமிழ்நாட்டில் வெயிலைக் காரணம் சொல்லித் தள்ளித் தள்ளி, பெரிய வகுப்புகளுக்கு 12-ஆம் தேதியும் சின்ன வகுப்புகளுக்கு 14-ஆம் தேதியும்தான் திறந்தார்கள். இங்கே ஆறாம் நாள் கணக்கு முடிந்த பிறகுதான் அங்கே முதல் மணியே அடித்தது. எல்லையில் இருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. அம்மா வீடு இந்தப் பக்கம், அப்பாவுக்கு வேலை அந்தப் பக்கம். பிள்ளையை எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிக்கு வேனில் அனுப்புவதா, இங்கேயே சேர்ப்பதா என்று இரண்டு பக்கமும் பள்ளி திறந்த பிறகுதான் முடிவு செய்கிறார்கள். வேன் வாடகை கட்டுப்படியாகாமல் ஜூன் கடைசியில் திரும்பி வருகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அவர்களுக்குப் பெஞ்சில் இடம் கிடைக்கும், சோறு கிடைக்கும். ஆசிரியர் கணக்கில் மட்டும் அவர்கள் அடுத்த ஜூன் வரை வரமாட்டார்கள்.

இதைவிட என்னை வருத்துவது மொழி. ஒரே கட்டடத்தில் மலையாள வழி வகுப்பும் தமிழ் வழி வகுப்பும் நடக்கும் பள்ளி எங்களுடையது. மொத்தத்தில் பார்த்தால் ஆசிரியர் போதும் என்று தோன்றும். போன வருஷம் தமிழ் வழிக்குத் தினக்கூலியில் வந்த டீச்சர், வேறு இடத்தில் நிரந்தர வேலை கிடைத்து ஓணம் லீவோடு போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் இடத்துக்கு ஆள் வரும்வரை மூன்றாம் வகுப்பையும் நாலாம் வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். கணக்குப் பாடத்துக்கு மலையாள வழி ஆசிரியர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், முடிந்தவரை தமிழில் சொல்லிப் பார்த்தார். என் மகள் வீட்டுக்கு வந்து, “அப்பா, வகுத்தலுக்கு சார் என்னமோ சொன்னார், எனக்குப் புரியவில்லை” என்றாள். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாகப் போடுகிற பிள்ளை. காகிதத்தில் அந்த வகுப்புக்கு ஆசிரியர் இருந்தார்.

1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடிப் போட்ட தீர்மானத்தை நீங்கள் அறிவீர்கள். ஒரு பள்ளியில் அந்த மொழி பேசும் பிள்ளைகள் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால், அவர்கள் மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியராவது வேண்டும் என்றது அது. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது, எல்லைக் கோடு யாரை எந்தப் பக்கம் விட்டாலும் ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் 350ஏ பிரிவையும் சேர்த்தார்கள். 30-க்கு ஒருவர் என்பது கூட்டத்தைக் குறைக்க வந்த வரம்பு. 10 பேருக்கு ஒருவர் என்பது ஒரு மொழி அறுந்துபோகாமல் காக்க வந்தது. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு எங்கள் வகுப்புகளை அளக்காதீர்கள்.

செலவு புரியாமல் பேசவில்லை. ஒரு போஸ்ட் உண்டானால் அது ஒரு வருஷச் சம்பளத்தோடு நிற்பதில்லை. முப்பது வருஷச் சம்பளம், அப்புறம் ஓய்வுக்காலச் செலவு. பிள்ளைகள் குறைந்துவரும் காலத்தில் நிதித்துறை தயங்குவது நியாயம்தான். அதனால்தான் நிரந்தரப் போஸ்டை அவசரமாக உண்டாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லையிலுள்ள கல்வி உப ஜில்லாக்களில் (உபமாவட்டங்களில்) மட்டும் ஜூலை நடுவில் இன்னொரு முறை எண்ணுங்கள். அதில் கூடுதலாகத் தெரிகிற டிவிஷனுக்கு அந்த வருஷத்துக்கு மட்டும் தமிழ் வழியில் தகுதியுள்ள ஒருவரைத் தினக்கூலியில் போடுங்கள். மூன்று வருஷம் தொடர்ந்து பிள்ளைகள் இருந்தால் நிரந்தரத்தைப் பற்றி யோசிக்கலாம். ஒரு வருஷம் ஓரிரு பிள்ளை குறைந்ததற்காக இருக்கிற போஸ்டையும் உடனே எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போவார், மறுவருஷம் பிள்ளைகள் வந்தாலும் அவர் வரமாட்டார். ஆசிரியர் இல்லை என்று தெரிந்தால் பிள்ளைகளும் வேன் ஏறிவிடுவார்கள்.

இன்னொன்று. ஒன்றாம் வகுப்புக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதை அறிய ஜூன் வரை காத்திருக்கத் தேவையே இல்லை. மூன்று வயதில் அங்கன்வாடியில் பேர் பதிந்த பிள்ளைதான் கொஞ்ச வருஷத்தில் இங்கே வரப்போகிறது. அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம் போட்டு வீட்டில் பேசும் மொழியையும் குறித்து வைத்தால், தமிழ் வழிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

எங்கள் வார்டில் அந்த வேலையை பி.டி.ஏ. தொடங்கிவிட்டது. வீடு வீடாகப் போய் எழுதிய பட்டியலை மார்ச் முடிவதற்குள் உதவிக் கல்வி அதிகாரி (ஏ.இ.ஓ.) ஆபீஸில் கொடுப்போம். அதை வாங்கி, ஆறாம் நாள் கணக்கோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். ஜூலையில் எந்த நாளில் எண்ண வந்தாலும் பள்ளியில் நாங்கள் இருப்போம்.

இப்படிக்கு,
தமிழ் வழியில் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா