பாத்ரூமுக்குள் இனி கேஸ் கீசர் மாட்ட மாட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதம் முதல் பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் மாட்டித் தருவதை நிறுத்திவிட்டோம். "போன வருஷம் எங்க அண்ணன் வீட்டில் உள்ளேதானே மாட்டிக் கொடுத்தீங்க?" என்று சிலர் வருத்தப்பட்டார்கள். உண்மைதான், மாட்டிக் கொடுத்தோம். அதனால்தான் இந்த மடல்.

சென்ற ஐப்பசியில் தக்கலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு போன். கல்லூரியில் படிக்கும் பிள்ளை குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. அப்பா கதவை உடைத்துத் தூக்கி வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்ததும் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். கீசரில் பழுது இல்லை, ட்யூபில் கசிவு இல்லை. மேலே பார்த்தால் சிமென்ட் ஜாலியின் ஒவ்வொரு ஓட்டையிலும் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்திருந்தது. சாரலும் கொசுவும் வராமலிருக்க அந்த அம்மா செய்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஜாலியை அடைக்கக் கூடாது என்று மாட்டிய அன்று நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ கேஸ் செலவாகும். 1 கிலோ கேஸ் எரிய சுமார் 15 கிலோ காற்று வேண்டும். அப்படியானால் பத்து நிமிடக் குளியலுக்கு சுமார் இரண்டரை கிலோ, அதாவது ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று. ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூம், ஒன்பது அடி உயரம் என்றால், அதில் இருப்பதே 9 கன மீட்டர்தான். எல்லாம் அடைத்திருந்தால் உள்ளே உள்ள ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு பத்து நிமிடத்தில் போய்விடும். ஆக்சிஜன் குறையக் குறையத் தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும்; அதற்கென்றே வாசனை சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். அப்புறம் காலில் பலம் இருக்காது, தாழ்ப்பாள் வரை போக முடியாது.

அமெரிக்காவில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஃபர்னஸ் வைப்பார்கள். மணிக்கு 1,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) எரிக்கும் திறனுக்கு 50 கன அடி இடம் வேண்டும், இல்லையென்றால் காற்றுக்குத் தனி வழி வேண்டும் என்பது அங்கே பழைய விதி. நம் 6 லிட்டர் கீசர் சுமார் 40,000 பிடியு. அந்தக் கணக்குப்படி 2,000 கன அடி வேண்டும். நம் பாத்ரூம் 315 கன அடிதான். போதாததற்கு, இங்கே விற்பதில் பெரும்பாலானவற்றுக்குப் புகைக்குழாயும் கிடையாது. எரிந்த புகை குளிப்பவர் தலைக்கு மேலேயே நிற்கும்.

நம் பழைய ஓட்டு வீடுகளில் சிரட்டையும் மட்டையும் எரித்த அடுக்களையில் புகை ஓட்டிடுக்கு வழியாகப் போய்விடும், கதவிடுக்கில் காற்று வரும். இப்போது கான்கிரீட், அலுமினிய ஜன்னல், அடியில் ரப்பர் பட்டை ஒட்டிய கதவு. அதுவும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. வருஷத்தில் பாதி நாள் எல்லாம் மூடித்தான் கிடக்கும்.

"எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. உள்ளே வர வழியில்லாத அறையில் ஃபேன் எதை இழுத்து வெளியே தள்ளும்? கதவின் அடியில் காற்று நுழைய இடுக்குகள் உள்ள ஒரு லூவர், மேலே அடைக்காத ஜாலி, இரண்டும் வேண்டும். இவை இருந்தாலும் கீசர் வெளிச்சுவரில் இருப்பதே நல்லது. வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். மழைக்கு மேலே ஒரு சிறு கூரை போதும். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்துக்காரர்கள் ஆடிக் காற்றில் தீ அணைகிறதென்று பெட்டி செய்து அடைக்கிறார்கள். அதுவும் அதே ஆபத்துதான். காற்று நேராக அடிக்காத சுவருக்கு மாற்றுங்கள்.

ஏற்கெனவே எங்களிடம் வாங்கி உள்ளே மாட்டியவர்கள் கடையில் வந்து சொன்னால் போதும். வெளியே மாற்ற கூலி வாங்க மாட்டோம்; கூடுதல் குழாய்க்கு மட்டும் காசு. நாங்கள் வரும்வரை வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவைத் திறந்து சற்று நேரம் விட்டு, அப்புறம் குளியுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் மெக்கானிக்குகளும்,
தக்கலை