அரசுக் கொள்முதலில் மின்செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு அலுவலகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களையே வாங்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், 'குறைந்த விலை கேட்டவருக்குத்தான் கொடுக்க முடியும், சட்டம் அப்படி' என்ற பதிலே வருகிறது. கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு இது பாதி உண்மையாகவே படுகிறது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், ஒப்பந்த ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, அளவிடத்தக்க காரணிகளைக் கொண்டு மதிப்பிட்டு, அதில் குறைந்ததாக அமையும் புள்ளியையே ஏற்கச் சொல்கிறது. கருவிகளை வாங்கும்போது அவற்றை இயக்கவும் பராமரிக்கவும் ஆகும் செலவையும் சேர்த்து மதிப்பிட, 2000ஆம் ஆண்டின் விதிகள் இடம் தருகின்றன.

இந்த இடத்தைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மின்விசிறியே போதும். பழைய வகை விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கிறது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று கொண்டால், ஒரு விசிறியில் மட்டும் 90 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 720 ரூபாய் ஆகிறது. கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் இரண்டே ஆண்டில் திரும்பிவிடும். நாள்தோறும் மணிக்கணக்கில் ஓடி மேல்நிலைத் தொட்டியை நிரப்பும் ஊராட்சி மோட்டார்களுக்கு இதே கணக்கைப் போட்டால் தொகை இன்னும் பெரிதாகும்.

விலை அதிகம் என்ற வாதமும் நிலைத்து நிற்பதல்ல. மின்சிக்கனத் திட்டங்களை நடத்தும் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் மொத்தமாக வாங்கத் தொடங்கியதால், 2014இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை இரண்டே ஆண்டில் 38 ரூபாய்க்கு இறங்கியது.

சிறு கொள்முதலில்தான் வேடிக்கை அதிகம். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. ஆயினும், கடைக்காரருக்கு அபராதம் விதிக்கும் துறையினர் கூடும் கூட்டத்திலேயே அதில்தான் தேநீர் வருகிறது. குடித்த கோப்பையைக் கிழித்தால் உட்புறத்திலிருந்து மெல்லிய படலம் உரிந்து வருவதை எவரும் காணலாம். எங்கள் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 2015 தேசிய விளையாட்டுப் போட்டியின்போதே ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களைத் தவிர்க்கும் பசுமை நடைமுறையைக் கொண்டுவந்த அந்த மாநிலத்தில், அரசு நிகழ்ச்சிகளுக்கு எவர்சில்வர் தம்ளர் என்பது பழகிப்போன ஏற்பாடு. தென்னை நார்த் தொழில் நடக்கும் எங்கள் மாவட்டத்திலோ அலுவலக வாசல்களில் பிளாஸ்டிக் கால்மிதிதான் கிடக்கிறது. (இதற்கு எந்தச் சட்டத்தைக் காரணம் சொல்வார்களோ!)

அலுவலர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. கூடுதல் விலைக்கு வாங்கினால் தணிக்கையில் ஆட்சேபணை எழும், ஓய்வூதியப் பலன்கள் நிலுவையில் நிற்கும் என்ற அச்சம் மெய்யானது. அந்த மேசையில் அமர்ந்தவர்களுக்கு அது தெரியும். எனவே விசிறி, விளக்கு, குளிர்சாதனம், மோட்டார் ஆகியவற்றுக்கு எத்தனை ஆண்டு மின்செலவைச் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்பதை வரையறுத்து நிதித்துறை ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, அதன் படியை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கும் அனுப்ப வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.