பெட்டியைத் திறந்து காட்டுங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை போன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு பஸ் நிலையத்தைச் சுற்றியும், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று பிரதான வீதிகளிலும் போன் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் காக்காமாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். நீங்கள் விற்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில், அதாவது போனில் குத்திக் காதில் வைத்துக் கேட்கும் சாமானில், மொடலுக்கு ஒன்றையாவது பெட்டியை உடைத்து மேசையில் வையுங்கள். வாங்க வருகிறவர் தன்னுடைய போனில் குத்தி, இரண்டு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுக் காசைத் தரட்டும்.

நான் கூத்து, கலியாணம், கோயில் சடங்கு என்று ஒலிப்பதிவு செய்து எடிட் பண்ணிப் பிழைக்கிறவன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் அறுந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீகளுக்கு ஈயம் வைத்துக் கொடுப்பதும் நான்தான். அதனால் இந்தச் சாமானின் வெளியும் தெரியும், உள்ளும் தெரியும். உங்கள் வியாபாரத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறினபோது நீங்கள் பட்ட பாட்டையும், இப்போது 18 வீத வற் வரியோடு சாமான் இறக்குவதையும் அறிவேன்.

ஆனால் ஒரு விசயம். காத்தான்குடியில் புடவைக் கடைக்குப் போனால் ஒரு சாறி எடுப்பதற்கு ஒரு மேசை நிறையச் சாறியை உதறி விரித்துக் காட்டுகிறார்கள். எடுக்காமல் எழும்பினாலும் முகம் சுளிப்பதில்லை. காதுக்குள் வைக்கிற சாமானை மட்டும் பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து வாங்கு என்கிறோம். "எது அண்ணன் நல்லது?" என்று பிள்ளை கேட்கும். "இது நல்ல பேஸ், இதுதான் இப்ப போகுது" என்று நீங்கள் சொல்வீர்கள். பேஸ் என்றால் தாழ்ந்த அடிநாதம். உண்மையில் நீங்களும் அதைக் கேட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பெட்டி என்ன சொல்கிறது? "20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை" என்பது முந்நூறு ரூபாய்ச் சாமானிலும் இருக்கும், முப்பதாயிரம் ரூபாய்ச் சாமானிலும் இருக்கும். நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கில், அது மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லை. அந்த எல்லைக்குள் எந்த இடத்தில் சத்தம் எத்தனை டெசிபல் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்லாதவரை அந்த வரிக்குப் பெறுமதி இல்லை. "10 மில்லிமீற்றர் டிரைவர்" என்பதும் அப்படித்தான். டிரைவர் என்றால் காந்தத்தின் இடுக்கில் ஒரு செப்புச் சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வு, அவ்வளவுதான். சவ்வின் அகலத்தைவிட, அது எதனால் ஆனது, பின்பக்கம் காற்றுப் போகும் துளை எப்படி, முன்பக்கக் குழாய் எப்படி என்பதில்தான் சத்தம் இருக்கிறது. இரட்டை டிரைவர், நாலு டிரைவர் என்று எண்ணிக்கை சொல்லி விற்பதையும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒழுங்காகச் சுருதி சேர்த்த ஒன்று, சேராத நாலைவிட மேல்.

விலையாவது வழி காட்டுமா என்றால் அதுவும் இல்லை. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, அவற்றின் விலையோடு ஒப்பிட்டு 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விலைக்கும் அதிர்வெண் வளைவுக்கும் (எந்த அதிர்வில் சத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் கோடு) தொடர்பே காணவில்லை என்பதுதான் முடிவு. காதுக்குள் வைப்பது, காதை மூடுவது என்று எல்லா வகையும் அந்தக் கணக்கில் உண்டு. இதைக் கெட்ட செய்தியாக எடுக்காதீர்கள். குறைந்த விலையிலும் நல்ல சாமான் கிடைக்கலாம் என்றுதானே இதற்கு அர்த்தம்? கிடைக்கவும் செய்கிறது. 2022இல் வந்த மூன்ட்ரொப் சூ, 7ஹேர்ட்ஸ் ஸீரோ போன்ற மொடல்கள் 20 டொலர் அளவில் இருந்துகொண்டே பல மடங்கு விலையுள்ளவற்றோடு போட்டி போட்டன. கேஸீ கொம்பனிச் சாமான் அதைவிடவும் மலிவு. 20 டொலர்கூட எங்கள் காசுக்கு லேசான தொகை இல்லை, தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: ஆயிரத்து ஐந்நூறு ரூபாயோடு வருகிற பிள்ளைக்கு அந்த விலையில் உள்ள மூன்றையும் கேட்டுப் பார்க்க விடுங்கள். மூன்றும் ஒரே விலை என்பதால் மூன்றும் ஒரே தரம் ஆகிவிடாது.

கேட்கும்போது எதைக் கேட்பது? என் தொழிலில் இருந்தே சொல்கிறேன். வடமோடிக் கூத்தில் அண்ணாவியார் மத்தளம் அடித்தபடியே பாட்டை எடுத்துக் கொடுப்பார், பக்கத்தில் சல்லரி என்ற வெண்கலத் தாளம். பதிவில் மூன்றும் தனித்தனியாகக் கிடக்கும். மத்தளத்தின் கனத்த பக்கத்து அடி "தொம்" என்று விழுந்து உடனே நிற்க வேண்டும். மோசமான ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் அது "தொம்ம்ம்" என்று இழுபட்டு அண்ணாவியாரின் குரலில் உள்ள அடித்தொண்டையை விழுங்கிவிடும், சொல் விளங்காது. சல்லரியின் நீண்ட "சிங்" வெறும் "ஸ்ஸ்" என்ற உரசலாக வரும், கொஞ்ச நேரத்தில் காது கூசும். கூத்து வேண்டாம் என்றால் பக்கீர்மார் றபான் என்ற கைப்பறை அடித்துப் பாடும் பைத் ஒன்றைப் போடுங்கள். றபானில் விரல் படும் சத்தமும் உள்ளங்கை படும் சத்தமும் வேறுவேறாகக் கேட்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வானொலிச் செய்தி போதும். வாசிப்பவரின் "ஸ", "ஷ" எல்லாம் ஊசி மாதிரிக் குத்தினால் 5 முதல் 8 கிலோஹேர்ட்ஸ் வரை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டிருக்கிறார்கள்.

"சனம் கேட்கிறது பேஸ்தானே" என்பீர்கள். கேட்பதில் பிழையில்லை. அடிநாதம் கொஞ்சம் தூக்கலாக இருப்பதையே கூடுதலானோர் விரும்புகிறார்கள் என்று ஹார்மன் என்ற ஒலிச்சாதன நிறுவனத்தில் ஷோன் ஒலிவ் குழுவினர் ஆட்களை உட்கார வைத்து நடத்திய சோதனைகளும் காட்டின. ஆனால் அந்தத் தூக்கல் தாழ்ந்த சுரங்களோடு நின்றுவிட வேண்டும். மலிவுச் சாமானில் அது மேலே வழிந்து குரலுக்குள் புகுந்துவிடுகிறது. வாடிக்கையாளர் கேட்டது பேஸ், கிடைப்பது மந்தம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பத்து வயதுப் பிள்ளைக்கும் வித்தியாசம் பிடிபடும்.

இனி காதுக்குள் போகும் முனையில் மாட்டுகிற றப்பர் மூடி. பெட்டிக்குள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று சோடி வருகிறது. நடுத்தரம் ஏற்கனவே மாட்டியிருக்கும், மற்ற இரண்டும் அன்றைக்கே குப்பைக்குப் போகும். காது ஓட்டை சரியாக அடைபடாவிட்டால் எவ்வளவு நல்ல சாமானிலும் பேஸ் காணாமல் போகும். "இது சரியில்லை" என்று உங்களிடம் திருப்பிக் கொண்டு வருவதில் ஒரு பங்கு இதுவாகத்தான் இருக்கும். விற்கும்போதே "பெரிய றப்பரை ஒருக்கா மாத்திப் பாரு தம்பி" என்று ஒரு சொல் சொல்லுங்கள். ஒரு பக்கம் சத்தம் குறைவு என்று வந்தால் முதலில் முனையில் உள்ள வலையைப் பாருங்கள். பல தடவை அதில் குறும்பி அடைத்திருக்கும், சாமானில் கோளாறே இராது.

அடைப்பு சரியாக இருந்தால் இன்னொரு நன்மை. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் பிள்ளைகள் இன்ஜின் இரைச்சலை அமுக்குவதற்காகத்தான் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றுகிறார்கள். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஒரு வழிப் பயணத்திலேயே அந்த 4 மணி நேரம் முடிந்து தாண்டியும் போய்விடும். வெளி இரைச்சல் உள்ளே வராவிட்டால் சத்தத்தை ஏற்ற வேண்டிய தேவையும் வராது.

"ஒருத்தர் காதில் வைத்ததை இன்னொருத்தர் எப்படி வைப்பது?" நியாயமான கேள்வி. றப்பர் மூடி தனியாகப் பை பையாக மலிவு விலைக்கு வருகிறது. ஆளுக்கொரு சோடி மாற்றுங்கள், கழற்றியதைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். குழாய் முனையை மருந்துக் கடை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும், வலைக்குள் ஈரம் இறங்கக் கூடாது.

உறுதி பற்றிப் பேசாமல் விட முடியாது, ஏனென்றால் என் மேசைக்கு வருவதெல்லாம் அதனால் வந்தவைதான். அறுகிற இடம் மூன்று: போனில் குத்தும் பின்னின் கழுத்து, வயர் இரண்டாகப் பிரியும் இடம், காதுக்குள் போகும் கூட்டின் அடி. அறுந்ததை வெட்டிப் பாருங்கள். தடித்த உறைக்குள்ளே இருப்பது தலைமயிரை விட மெல்லிய செப்பு நூல், சிவப்பும் பச்சையுமாகப் பூச்சு பூசி, நடுவில் நைலோன் இழை. அந்தப் பூச்சை ஈயம் வைக்கும் இரும்பின் சூட்டில் எரித்துவிட்டுத்தான் ஈயம் வைக்க முடியும், இல்லாவிட்டால் ஈயம் உருண்டு விழும். நன்றாகச் செய்த சாமானில் கூட்டுக்குள்ளே வயரில் ஒரு முடிச்சுப் போட்டிருப்பார்கள், இழுவை முடிச்சில் நிற்கும். மோசமானதில் முடிச்சும் இல்லை, பசையும் இல்லை, இழுத்தால் நேரே ஈயத்தில்தான் பிடிக்கும். ஒரு முடிச்சுக்கு என்ன செலவு வரப்போகிறது? அதோடு எங்கள் கடற்கரைக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் செப்பு பச்சை பிடிப்பதற்குக் கனகாலம் எடுக்காது.

பெட்டியை உடைத்து வைத்தால் இதையும் கையில் பிடித்துப் பார்க்கலாம். பின்னின் கழுத்தில் வளைந்து கொடுக்கும் றப்பர் இருக்கிறதா, அல்லது வயர் நேராகப் பிளாஸ்டிக்குள் போகிறதா? கூட்டின் இரண்டு பாதியும் பொருந்திய கோட்டில் நகம் நுழைகிறதா? அதைவிட நல்லது, வயரைக் கழற்றி மாற்றக்கூடிய மொடல்களை இறக்குவது. 0.78 மில்லிமீற்றர் இரட்டைப் பின் உள்ளவை இப்போது மலிவு விலையிலேயே வருகின்றன. மேலே சொன்ன மூன்ட்ரொப் சூவின் முதல் மொடலில் கழற்ற முடியாமல் இருந்த வயரை 2023இல் வந்த சூ 2இல் கழற்றும்படி செய்துவிட்டார்கள். வயர் போனால் வயரை மட்டும் விற்கலாம், உங்களுக்கும் அது தொடர் வியாபாரம்.

உங்கள் கெரண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "மூன்று மாதம் கெரண்டி, ஆனா வயர் அறுந்தால் இல்லை." அறுவது வயர்தானே! வயருக்கு இல்லாத கெரண்டி வேறு எதற்கு? ஒரு மாதம் என்றாலும் வயருக்கும் சேர்த்துக் கொடுங்கள், வாயால் சொல்லாமல் பில்லில் எழுதிக் கொடுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே சொல்கிறது.

டைப் சி ஹேண்ட்ஸ்ஃப்ரீயும், பழைய வட்டப் பின்னை டைப் சி ஓட்டையில் குத்த உதவும் டொங்கிளும் இப்போது கூடுதலாக விற்கிறீர்கள். சிலதற்குள்ளே ஒலியை மாற்றும் சிப் இருக்கும், சிலது வெறும் வயர். வெறும் வயர் எல்லா டைப் சி போனிலும் வேலை செய்யாது. கடையில் வைத்தே அவருடைய போனில் குத்திப் பார்த்தால் அடுத்த நாள் சண்டை மிச்சம்.

வயரில்லாத பட்ஸ் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. வசதிதான். ஆனால் உள்ளே இருக்கும் சின்ன பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், அதை மாற்றித் தர இங்கே யாரும் இல்லை, நானும் தொட மாட்டேன். பெரிய கொம்பனிப் பெயரைப் போட்ட கொப்பி பட்ஸை ஒரிஜினல் என்று சொல்லி விற்காதீர்கள், அது போதும்.

இனி நடக்க வேண்டிய காரியம். மத்தளம், சல்லரி, பைத், பெண் குரல், வானொலி வாசிப்பு மாதிரி ஒரு பேச்சு என்று அரை அரை நிமிடத் துண்டுகளாக என் பதிவுகளில் இருந்து வெட்டி ஒரே கோப்பாக வைத்திருக்கிறேன். பாடியவர்களிடமும் பேசியவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். எந்தக் கடை கேட்டாலும் காசில்லாமல் தருவேன், மேசையில் ஒரு பழைய போனில் போட்டு வைத்துக்கொள்ளலாம். றப்பர் மூடியில் முதல் பையும் ஸ்பிரிட் பஞ்சும் என் செலவு. எல்லா மொடலையும் ஒரேயடியாக உடைக்க வேண்டாம், கூடுதலாகப் போகிற மூன்று மொடலோடு தொடங்குங்கள். பெருநாள், தீபாவளிச் சனம் வருவதற்கு முதல் தொடங்கினால் உங்களுக்கே லாபம்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஓர் ஒலிப்பதிவுக்காரன்